மூன்றாவது இலக்கு

ஜனவரி 8

மதியம் எங்கள் துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. அம்பலவாணன் என் மேசை மேல் ஒரு தாளைப் போட்டார். ஆங்கிலத்தில் நான்கு பத்தி. எங்கள் கல்லூரியில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டு வெளியே போகிறவன் பிற்பாடு என்னவாக இருக்க வேண்டும் என்பதற்கான கல்வி இலக்குகள்.

"தளவாய், அடுத்த மாசம் அங்கீகாரக் கமிட்டி வருது. ஃபைனல் இயர் பயலுவ எல்லாத்துக்கும் இது மனப்பாடமா வரணும். வராண்டாவுல போறவன நிப்பாட்டிக் கேப்பாவ. ஒருத்தன் முழிச்சாலும் போச்சு."

"அர்த்தம் தெரிஞ்சா போதாதா சார்?"

"அர்த்தம் தெரிஞ்சு என்னவே செய்யப் போறானுவ? எழுத்து மாறாமச் சொல்லணும்."

தமிழில் சுருக்கினால் இவ்வளவுதான். ஒன்று, படித்து முடித்த சில வருடங்களில் விமானம், விண்வெளி, பாதுகாப்புத் துறைகளில் வேலையில் இருப்பான். இரண்டு, மேலே படிப்பான், வாழ்நாள் முழுக்கக் கற்பான். மூன்று, தொழில் நெறியோடும் பிறர் பாதுகாப்பில் பொறுப்போடும் நடந்துகொள்வான். நான்கு, தலைமை தாங்கி சமுதாயத்துக்குப் பயன்படுவான்.

என் செட்டில் ஒருத்தன் பேங்கில் இருக்கிறான். ஒருத்தன் கறிக்கடை வைத்திருக்கிறான், நன்றாக ஓடுகிறது. நான் படித்த இடத்திலேயே வாத்தியார் வேலை பார்க்கிறேன். ஹெச்.ஓ.டி. கணக்கில் நான் 'ஏரோஸ்பேஸ் துறையில் பணி'. முதல் இலக்கு நிறைவேறிவிட்டதாம்.

மாதிரி இறக்கையைக் காற்றில் வைத்துச் சோதிக்கும் விண்ட் டனலின் விசிறி பெல்ட் வழுக்குகிறது. புதியது கேட்டு எழுதிக் கொடுத்தேன். கமிட்டி வரும்வரை பெயிண்ட் மட்டும் அடிக்கச் சொன்னார்கள்.

ஜனவரி 10

வகுப்பில் கேட்டேன். ஒரு பயலுக்கும் வரவில்லை. நாலாவது பெஞ்சில் ஒருத்தன் மூன்றாவது இலக்கையும் நான்காவதையும் கலந்து ஒரு புது இலக்கே செய்துவிட்டான்.

ஹெச்.ஓ.டி. பொன்னையா சாரை அனுப்பிவைத்தார். பி.டி. மாஸ்டர், ஹாஸ்டல் ஒழுங்கும் அவர் கையில்தான். ஒரு காலத்தில் குத்துச்சண்டை ஆடியவர், கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கையில் ஒரு முழம் பி.வி.சி. பைப். சொல்லத் தெரியாதவனைத் திரும்பி நிற்கச் சொல்லிக் கெண்டைக்காலில் போடுவார். அந்தச் சத்தத்துக்கே அடுத்தவன் பாதி மனப்பாடம் செய்துவிடுகிறான்.

"இங்கிலீஷ்ல என்ன எழவு இருக்குன்னு எனக்குத் தெரியாது சார்," என்றார் என்னிடம். "நீங்க தப்புன்னு தலையாட்டுங்க, நான் போடுதேன்."

தலையாட்டினேன். வேலை நடந்தது.

ஜனவரி 14

பொங்கல். வீட்டில் எல்லோரும் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 19

பாதி வகுப்பு தேறிவிட்டது. பொன்னையா சாருக்கு மற்ற டிபார்ட்மென்ட்டிலும் அழைப்பு வந்துவிட்டதால் நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். பைப் எனக்குச் சரிவரவில்லை. கை போதும். கையில் அளவு நம் வசம் இருக்கிறது.

இசக்கிராஜா மட்டும் வம்பு. விளாத்திகுளம் பையன். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், அம்மா தீப்பெட்டி ஆபீஸ். விமானப்படை நேர்முகத் தேர்வில் பைலட் பிரிவுக்குத் தேறியிருக்கிறான். இந்தக் காலேஜ் தொடங்கியதிலிருந்து அப்படித் தேறிய முதல் ஆள். பிப்ரவரியில் பெங்களூரில் மருத்துவச் சோதனை, அது ஒன்றுதான் பாக்கி. இறக்கையில் காற்று எங்கே பிரிகிறது என்று கேட்டால் படம் போட்டுக் காட்டுவான். நான்கு பத்தியை ஒப்பிக்கச் சொன்னால் மூன்றாவதில் நின்றுவிடுவான்.

"ஏன்டா, உனக்கு மட்டும் என்ன?"

"நெசமா மனசுல நிக்க மாட்டேங்கு சார். படிக்கும்போதே வேற என்னமோ யோசனை ஓடிருது."

"என்ன யோசனை?"

"பெங்களூர்தான் சார்."

ஜனவரி 22

காலையில் மீட்டிங். எல்லா டிபார்ட்மென்ட் முன்னாலும் ஹெச்.ஓ.டி. என்னை எழுப்பி நிற்க வைத்தார். "ஒரு நாலு பத்திய மனப்பாடம் பண்ண வைக்கத் துப்பில்ல, இவருக்கெல்லாம் எம்.இ. பட்டம் ஒரு கேடு." சிவில்காரர்கள் சிரித்தார்கள்.

மதியம் ஸ்ட்ரக்சர்ஸ் லேபில் மிச்சம் இருந்தவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினேன். முதல் ஆள் திக்கினான், ஒன்று வைத்தேன். அடுத்தவன் அழுதான், அதற்கும் ஒன்று. இசக்கிராஜா முறை வந்தது. ஒன்று சொன்னான். இரண்டு சொன்னான். மூன்றில் நின்றான்.

"சார், நாலாவது சொல்லட்டா?"

"மூணு."

"அது மட்டும்தான் சார்..." என்று சிரித்தான். பிறகு, "என்ஜின் நின்னுபோச்சுன்னா மூணாவது இலக்கச் சொன்னா பிளேன் இறங்குமா சார்?" என்றான்.

வரிசை முழுக்கச் சிரித்தது. காலையில் சிரித்தார்களே, அதே சத்தம்.

அறைந்தேன். இடது பக்கம். அவன் சாய்ந்து டெஸ்டிங் மெஷினின் கைப்பிடியில் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது. எழுந்து நின்றான். இடது காதைப் பொத்திக்கொண்டு வாயை அகலமாகத் திறந்து மூடினான், மறுபடி திறந்து மூடினான். விமானம் இறங்கும்போது காது அடைத்தால் செய்வார்களே, அதுபோல.

அதற்குப் பிறகு வரிசையில் ஒருத்தனும் தடங்கவில்லை. இதை ஹெச்.ஓ.டி.யிடம் சொன்னேன். "இப்பம்தான்வே நீரு வாத்தியாரு," என்றார்.

ஜனவரி 23

இசக்கிராஜா வரவில்லை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் விண்ட் டனல் வாயையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். கத்தினேன்.

ஜனவரி 25

வந்திருக்கிறான். காதில் பஞ்சு.

"என்ன?"

"சளி சார்."

சளிதான். இந்த மாதம் பாதி ஹாஸ்டலுக்குச் சளி.

உள்ளங்கை விரிந்திருந்தால் சத்தம்தான் வரும், ஒன்றும் ஆகாது. குழிந்திருந்தால் காற்று உள்ளே அடைபட்டுப் பிஸ்டன் மாதிரி அழுத்தும். என் கை எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. யாருக்கு இருக்கும்?

ஜனவரி 27

பஞ்சு மஞ்சளாகியிருந்தது. பைக்கில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஆசிரியர் செய்ய வேண்டியதுதான், இதில் வேறொன்றும் இல்லை. காது டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"கிரிக்கெட் பால் டாக்டர்," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவனிடம் கேட்டார். "பால்தானா தம்பி?"

"ஆமா டாக்டர்."

"பால் பட்டா மடல் வீங்கியிருக்கும். இது மடல்ல ஒரு கீறல் இல்ல. உள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. நல்லாக் கிழிஞ்சிருக்கு." கையைக் கழுவப் போனார். "எங்க வேணா அடிங்க, காதுல அடிக்காதீங்கன்னு நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். எந்த அடியும் கூடாதுன்னு சொன்னா யாரு கேக்குறீங்க."

இசக்கிராஜா, "பதினொண்ணாம் தேதி எனக்கு மெடிக்கல் இருக்கு டாக்டர், பைலட்டுக்கு," என்றான். "அதுக்குள்ள மூடிரும்லா?"

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, மூக்கைச் சிந்தாதே என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து கத்திப் பேசினான். முன்னெல்லாம் அவன் கத்திப் பேசமாட்டான்.

"சார், நான் ரூம்ல எல்லார்ட்டயும் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லிருக்கேன். நீங்க பந்துங்கீங்க. ரெண்டுல ஒண்ண வச்சுக்கிடுவோம்."

"உண்மையச் சொல்ல வேண்டியதுதானடா."

"இப்பம் எதுக்கு சார்? அடி, என்கொயரி, போலீஸ்னு போனா அங்க வேற மாதிரி பாப்பாவ. மெடிக்கல் முடியட்டும்."

முடியட்டும் என்றால்? கேட்கவில்லை. எதிர்க்காற்று.

ஜனவரி 30

ஹாஸ்டலில் ஒருத்தரும் பாத்ரூம் கதையை நம்பவில்லை. பி.டி. மாஸ்டர்தான் செவிட்டில் அடித்தார் என்று பேச்சு. லேபில் வரிசையில் நின்றவர்கள் நான் அடித்ததைப் பார்த்தார்கள், ஆனால் அதே வாரம் பொன்னையா சாரும் ஹாஸ்டலில் அவனைப் போட்டு அடித்திருக்கிறார் போல. எல்லோரும் எல்லோரிடமும் வாங்கியிருக்கிறார்கள், எந்த அடியில் காது போனது என்று யாருக்கும் நிச்சயமில்லை.

செல்வின் வந்தான். இசக்கிராஜாவின் ரூம் மேட். தூத்துக்குடிப் பையன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் மகன், அப்பன் தோளை அப்படியே கொண்டு வந்திருக்கிறான். வரிசை நிறுத்திய அன்று அவன் லீவில் இருந்தான்.

"சார், அவன் வாயத் திறக்க மாட்டேங்கான். பி.டி. சார்தானே?"

"எனக்குத் தெரியாது."

பொன்னையா சார் யாரை எங்கே அடித்தார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

இரண்டாம் ஆண்டுக்கு இம்பாக்ட் டெஸ்ட். கனமான சுத்தியல் ஊசல்போல இறங்கி உலோகத் துண்டை ஒரே அடியில் முறிக்கும். எவ்வளவு ஆற்றலை அந்த உலோகம் வாங்கிக்கொண்டு முறிந்தது என்பதுதான் பாடம். வார்ப்பிரும்பு எதையும் வாங்காது, உடனே உடையும். மெல்லிய எஃகு வளைந்து, கிழிந்து, நிறைய வாங்கிக்கொண்டு பிறகுதான் போகும்.

பையன்கள் சுத்தியலைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 9

இசக்கிராஜா பெங்களூர் போனான். காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். வலது காதை என் பக்கம் வைத்து நின்றான்.

"சீழ் நின்னுருச்சு சார். சத்தமும் பரவால்ல கேக்கு."

"ஆல் த பெஸ்ட்."

"மூணாவது இப்பம் மனப்பாடம் சார். சொல்லட்டா?"

"வேண்டாம். போ."

பிப்ரவரி 12

தகுதியில்லை.

பிப்ரவரி 13

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் பின்னால் பொன்னையா சாரை அடித்துவிட்டார்கள்.

நான் லேப் ஜன்னலில் நின்றிருந்தேன். அவர் வாலிபால் நெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். செல்வின் முன்னால் வந்தான், பின்னால் நாலைந்து பேர். செல்வின் ஏதோ கேட்டான். அவர் கையை ஓங்கினார், ஓங்கித்தான் பழக்கம். செல்வின் நெட் கட்டுகிற இரும்புக் குழாயைப் பிடுங்கி அந்தக் கை மேலேயே போட்டான். எலும்பு முறிந்தது இரண்டு மாடிக்கு மேலே எனக்குக் கேட்டது. அவர் குத்துச்சண்டைக்காரர் என்பதால் உடனே விழவில்லை. இடது கையால் ஒருத்தனை மூக்கில் குத்தினார், அவன் மண்டியிட்டுவிட்டான். அப்புறம் தாடையில் ஒன்று வாங்கி, நெட்டுக்குள் காலை விட்டு விழுந்தார். விழுந்த பிறகு ஆளாளுக்கு மிதித்தார்கள்.

"அவன் காதத் திருப்பிக் குடுல," என்று செல்வின் கத்தினான். மிதித்துக்கொண்டே கத்தினான். "குடுல."

ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும் என்று நினைக்க ஆதாரம் இல்லை. நான் இறங்கிப் போவதற்குள் ஓடிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வாயில் ரத்தம் நுரைத்தது. உடைந்த கை, முழங்கைக்குக் கீழே இன்னொரு மூட்டு முளைத்தது மாதிரி மடங்கியிருந்தது.

பிப்ரவரி 14

காலேஜ் சேர்மனின் கல்குவாரி ஆட்கள் வேனில் வந்தார்கள். ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிட்டு அறை அறையாகப் போனார்கள். செல்வினை மொட்டை மாடியில் பிடித்தார்கள். வலது கையைப் படிக்கட்டு ஓரத்தில் வைத்துப் பூட்ஸ் காலால் மிதித்திருக்கிறார்கள். தடுக்கப் போன இசக்கிராஜாவை மூன்று மாடிப் படியிலும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல காதுப் பக்கம் அடிபடாமல் ஒரு கையால் அதை மூடியே பிடித்திருந்தானாம்.

எஃப்.ஐ.ஆர். போடவில்லை. கமிட்டி வந்து போகும்வரை போலீஸ் வேண்டாம் என்று சேர்மன் சொல்லிவிட்டார். போன பிறகு பொன்னையா சார் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பார், செல்வின் மேல் கொலை முயற்சி வழக்கு. இதை ஹெச்.ஓ.டி. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள போனா பய படிப்பும் போச்சு, ஜென்மமும் போச்சு. போட்டும்வே. நம்ம பாஸ் கணக்குல ஒண்ணு கொறையும், அவ்வளவுதான்."

பிப்ரவரி 17

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னையா சாருக்குக் கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். தாடை வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெளியே போனார்.

"அந்தப் பைய எப்பிடி இருக்கான் சார்?"

"எந்தப் பையன்?"

"காது போனவன்." பேச்சு குழறியது. "பைலட் ஆக வேண்டிய புள்ளையாம்லா. நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன் பாருங்க."

"நீங்கதான் அடிச்சீங்கன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"நெனச்சு நெனச்சுப் பாக்கேன். நெனவு வரல. அந்த வாரம் ஒரு அம்பது பேரையாவது அடிச்சிருப்பேன். கால்லதான் போடுவேன், ஆனா கோவத்துல ஒண்ணு ரெண்டு மேலயும் போயிருக்கும். அவன் மொகம் ஞாபகம் இல்ல சார். அடிச்ச மொகமே ஞாபகம் இல்லன்னா நான் எப்பேர்ப்பட்ட மனுசன்?"

மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலது கையில் கட்டு, இடது கையில் டிரிப்ஸ், அவரால் துடைக்க முடியவில்லை. நானும் துடைக்கவில்லை. ஆரஞ்சில் ஒரு சுளை எடுத்துக் கொடுத்தேன். அவரால் மெல்ல முடியவில்லை.

வெளியே வந்து வண்டியை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கர் நெளியும்வரை உதைத்தேன்.

பிப்ரவரி 21

கமிட்டி வந்தது. எல்லாச் சுவரிலும் நான்கு இலக்குகளும் சட்டம் போட்டுத் தொங்கின. விண்ட் டனல் பளபளத்தது, ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கன்னம் வீங்கியவர்களை ஹெச்.ஓ.டி. முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இசக்கிராஜாவை மட்டும் இருக்கச் சொன்னார். நேர்முகத் தேர்வில் தேறியவன், காட்ட வேண்டிய சரக்கு. மருத்துவச் சோதனையில் தேறாததைச் சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

லேப் வாசலில் கமிட்டித் தலைவர் அவனை நிறுத்தினார். நரைத்த மனிதர், நல்ல தமிழ் பேசினார். அவனுடைய இடது பக்கம் நின்று ஏதோ கேட்டார். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"தம்பி, உங்களத்தான்."

"இந்தப் பக்கம் வந்து கேளுங்க சார். அது கேக்காது."

அவர் சுற்றி வந்தார். "என்னப்பா ஆச்சு காதுக்கு?"

ஹெச்.ஓ.டி.யின் முகம் சுண்ணாம்பானது. நான் டெஸ்டிங் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தேன், அதே கைப்பிடிக்குப் பக்கத்தில். இசக்கிராஜா என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்து, மரியாதையாகச் சொன்னான்.

"மூணாவது இலக்கு ஞாபகம் வரல சார். அதனால போயிருச்சு."

 கமிட்டித் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். தோளில் தட்டினார். "நல்ல குசும்பு. எங்க, இப்ப ஞாபகம் இருக்கா?"

அவன் ஒப்பித்தான். தொழில் நெறி, பிறர் பாதுகாப்பில் பொறுப்பு, ஒரு எழுத்து மாறவில்லை. ஹெச்.ஓ.டி. சிரித்தார். மற்ற வாத்தியார்களும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 22

ஸ்டாஃப் ரூமில் கேக். வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்களாம், அங்கீகாரம் உறுதி. மாணவர்களின் இலக்கு விழிப்புணர்வு சிறப்பு என்று பாராட்டினார்களாம். அடுத்த வருடத்திலிருந்து எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் அந்த வேலையை நான்தான் பார்க்க வேண்டும் என்று ஹெச்.ஓ.டி. சொன்னார். கேக்கில் முந்திரி ஓடு கிடந்தது.

பிப்ரவரி 24

இசக்கிராஜா லேபுக்கு வந்தான். யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன்.

"என்னை அடி," என்றேன். "எத்தன வேணா அடி. நான் கையத் தூக்க மாட்டேன்."

அவன் என் கையைத்தான் பார்த்தான். 

"உங்களுக்கு அது லேசு சார். அடிச்சா கணக்கு முடிஞ்சிரும்லா. முடிச்சுவிட நான் வரல."

"பின்ன?"

"நாளைக்கு பி.டி. சார் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்காரு. செல்வின் கையில மூணு வெரல் நிமிராது, அதோட அவன உள்ள வேற தூக்கிப் போடப் போறாவ. பி.டி. சார் அடிக்காத காதுக்காக. ஆள் மாறி அடிச்சிட்டான்னு பி.டி. சார் முன்னால நீங்க வந்து சொல்லணும்."

"நீயே சொல்லலாமே. உன் காது."

"கமிட்டி போனதுலருந்து நீங்கதான்னு எல்லார்ட்டயும் சொல்லுதேன் சார். கூட்டாளியக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்னு ஆயிருச்சு. அதுக்கு முன்னால பந்து, பாத்ரூம்னு நான்தான சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்க சொன்னாத்தான் நிக்கும்."

"எனக்கு வேலை போயிரும்."

"ஆமா," என்றான்.

பிப்ரவரி 25

போனேன். போகாமல் இருப்பதற்கு இரண்டு தடவை பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பியதை எழுத வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், பொன்னையா சார், காலேஜ் வக்கீல். செல்வின் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான், கட்டுப் போட்ட கை மடியில். அவன் அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். வாசலில் இசக்கிராஜா. பொன்னையா சார் இடது கையில் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போடத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனக் காதுல அடிச்சது நான்," என்றேன். "இவர் இல்ல. லேப்ல வச்சு, நான்."

வக்கீல், "சார், நீங்க வெளிய இருங்க," என்று எழுந்தார். பொன்னையா சார் பேனாவை வைத்துவிட்டார்.

"அப்பம் நான் இல்லையா?"

"இல்ல சார்."

"நெசமாவா? நான் இல்லையா?"

"இல்ல."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் இளகி, சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தீரே. பக்கத்துல உக்காந்து சுளை எடுத்துக் குடுத்தீரே," என்றார். இடது கைதான். ஆனால் அது குத்துச்சண்டைக்காரரின் இடது கை. மூக்குத் தண்டு நொறுங்குவதை உள்ளேயிருந்து கேட்டேன். பெஞ்சோடு சேர்ந்து விழுந்தேன். மறுபடி ஓங்கி வந்தவரைப் பிடித்தது செல்வினின் அப்பா. இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப் பிடித்து, "வேண்டாம் சார், போதும் சார்," என்றார். மகன் கையை உடைக்கக் காரணமான ஆளை அவர் அப்படிக் கட்டிப் பிடித்திருந்தார்.

"பய ஆளு தெரியாமத்தான அடிச்சிருக்கான்," என்று பொன்னையா சார் கையெழுத்துப் போடவில்லை. விளையாட்டு மைதானத்தில் விழுந்துவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னார். வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார்.

"ஏ தம்பி, அப்பம் இந்த வாத்தியார் மேல நீ எழுதிக் குடுக்கியா?"

இசக்கிராஜா என்னைப் பார்த்தான். கர்ச்சீப் முழுக்க ரத்தம், நான் தலையை அண்ணாந்து பிடித்திருந்தேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்," என்றான்.

பஸ் ஸ்டாப்புக்கு அவனோடு சேர்ந்து நடந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் ரோட்டோரமாக நடந்தான், நான் அவனுடைய இடது பக்கம். மூக்கில் வலி மண்டைவரை ஏறியது. ஸ்டாப்பில் நின்றோம். அவன் கோவில்பட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருடா," என்றேன்.

அவன் திரும்பவில்லை.

சுற்றிப் போய் வலது பக்கம் நின்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.